விளம்பரம் விற்கும் ஆண்மை

மீசை அரும்பும் பருவத்திலே இளைஞர் பலர் கண்ணாடியின் முன் நின்று, "நான் ஆண்மகனாகிவிட்டேனா?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்கின்றனர். இதற்கு விடை கூறத் தந்தையர் தயங்குவர். விளம்பரக்காரரோ, "இப்பொருளை வாங்கு, நீ ஆண்மகன்" என்று உடனே கூறிவிடுகின்றார். அவ்விடை எத்தகையது என்பதை உண்மைக் கதையொன்றைக் கொண்டு இவ்வாரம் நோக்குவோம்.

அமெரிக்காவிலே 1924ஆம் ஆண்டில் மார்ல்பறோ என்னும் சிகரட்டைப் பெண்களுக்கென்றே விளம்பரஞ் செய்யத் தொடங்கினர். மே மாதத்தைப் போன்ற மென்மையுடையது என்று அதனைப் புகழ்ந்தனர். பின்னர், உதட்டுச் சாயம் பட்டாலும் தெரியாதிருக்கும்பொருட்டு, நுனியிலே சிவப்புத் தாள் சுற்றியும் விற்றனர்.

1950ஆம் ஆண்டளவில், புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டென மருத்துவ ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. அச்சமுற்றோர் வடிகட்டி பொருத்திய சிகரட்டை நாடினர். ஆனால், வடிகட்டி பெண்களுக்கே ஏற்றது என்ற எண்ணம் ஆடவரிடையே இருந்தது. நோய்க்கு அஞ்சினர், அஞ்சுவதைக் காட்டவும் வெட்கினர். அந்த வெட்கமே வியாபாரத்துக்கு மூலதனமாயிற்று.

பிலிப் மொறிஸ் கம்பனியார் சிக்காகோ நகரத்து விளம்பர நிபுணரான லியோ பேர்னெற்றிடம் சென்றனர். 1955ஆம் ஆண்டிலே, சிவப்பும் வெள்ளையுமான புதிய பெட்டியில், வடிகட்டியோடு, அதே பெயர் நாடெங்கும் உலாவந்தது. இப்போது படத்திலே பெண் இல்லை. கையிலே பச்சை குத்திய முரட்டு ஆடவன் இருந்தான். குதிரையேறி மாடு மேய்க்கும் கௌபோய் இருந்தான். அவன் எவர் துணையையும் வேண்டான்; நோயைக் குறித்துக் கவலையும் கொள்ளான். 1970களில் மார்ல்பறோ உலகிலே மிகுதியாக விற்பனையாகும் சிகரட்டாக உயர்ந்தது.

இதற்கிடையில், 1968ஆம் ஆண்டிலே அதே கம்பனியார் வேர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்னும் மெல்லிய சிகரட்டைச் செய்து, பெண் விடுதலையின் சின்னம் போல அதனைப் பெண்களுக்கு விற்றனர். புகையிலைக்கு ஆண், பெண் என்ற பேதம் உண்டோ? பேதமெல்லாம் படத்திலேதான் இருந்தது.

அப்படத்துக்கு உருவங் கொடுத்தோரின் கதி என்ன? மார்ல்பறோ விளம்பரங்களிலே தோன்றிய வேய்ன் மக்லாறன் 1992இலும், டேவிட் மக்லீன் 1995இலும் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தனர். எரிக் லோசன் 2014இல் நாட்பட்ட சுவாச நோயால் மாண்டார். மக்லாறன் தம் இறுதிக் காலத்தில் புகைத்தலுக்கெதிராக ஊரறியப் பேசினார். அஞ்சாத ஆடவனாக வேடம் பூண்ட நாளினும், தம் நோயை மறையாது கூறிய அந்நாளிலேயே அவர் துணிவுடையவராய் விளங்கினார் என்போம்.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆயினும், ஆண்மையைக் காட்டிப் பொருள் விற்கும் வித்தை ஒழிந்துவிடவில்லை. வாசனைத் தைலமும் மோட்டார் சைக்கிளும் முகப்பூச்சும் இன்றும் அவ்வழியிலே விலைப்படுகின்றன.

பழி முழுவதையும் வியாபாரிகள்மேற் சுமத்துதல் நீதியாகாது. விழுந்து முழங்கால் சிராய்த்து அழும் சிறுவனை, "பெண்பிள்ளை போல அழாதே" என்று அதட்டுகின்றவர்கள் நாமல்லவா? நோவையும் அச்சத்தையும் மறைப்பதே ஆண்மை என்று வீட்டிலே கற்ற பிள்ளை, அவ்வாறு மறைப்பதற்கு ஒரு திரையைக் கடையிலே தேடுகின்றான். நாம் உழுது வைத்த நிலத்திலேதான் விளம்பரக்காரர் விதைக்கின்றார்.

பிறன்மனை நோக்காத மனவடக்கத்தை வள்ளுவர் பேராண்மை என்றார். அது எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்கப்படுவதன்று. மாணவர்களே, இனி ஒரு விளம்பரம் உங்கள் ஆண்மையைப் பற்றிப் பேசுமாயின், அது உங்கள் எந்த அச்சத்தைத் தொட்டுப் பேசுகின்றது என்று சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். பெற்றோரே, அவ்வச்சத்தை உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து கூறுதற்கு வீட்டிலே இடம் வையுங்கள்.