வகுத்தல் கணக்கில் விழுந்த பள்ளிகள்

2015 ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள செஸ்டர் அப்லாண்ட் என்ற சிறிய பள்ளி மாவட்டத்தின் ஆசிரியர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். சம்பளம் வராவிட்டாலும் வேலைக்கு வருவது என்பதே அது. பஸ் ஓட்டுநர்களும் உணவுக்கூட ஊழியர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மாவட்டத்தின் பற்றாக்குறை அப்போது 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இது முதல் தடவை அல்ல. 2012 ஜனவரியிலும் கஜானா காலியாகி, ஆசிரியர்கள் இதே முடிவை எடுத்திருந்தார்கள். அந்த மாதம் ஜனாதிபதி ஒபாமா நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தியபோது, இந்த மாவட்டத்தின் ஆசிரியை ஒருவர் மிஷேல் ஒபாமாவின் விருந்தினராக மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த முறை மத்திய நீதிமன்றம் குறுக்கிட்டு, 32 லட்சம் டாலரை முன்பணமாகக் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டதால் பள்ளிகள் மூடப்படவில்லை. மாடத்தில் இடம் கிடைத்ததே தவிர மாவட்டத்தின் கணக்கு நேராகவில்லை. மூன்றரை ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

உலகின் மிகப் பணக்கார நாட்டில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்பது இந்திய வாசகருக்கு விசித்திரமாகப் படலாம். இங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. திருநெல்வேலியில் வரி வசூல் குறைந்தால் திருநெல்வேலி ஆசிரியருக்குச் சம்பளம் நிற்காது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், தனி பட்ஜெட், வரி போடும் அதிகாரம் எல்லாம் உண்டு. பென்சில்வேனியாவில் மட்டும் இப்படி 500 மாவட்டங்கள். வருமானத்தில் பெரும்பகுதி அந்தந்த ஊரின் வீடு, நிலம் மீதான சொத்து வரி. மீதி மாநில அரசின் மானியம். ஊர் செழித்தால் பள்ளி செழிக்கும், ஊர் நொடித்தால் பள்ளியும் நொடிக்கும்.

செஸ்டர் நொடித்துப்போன ஊர். பிலடெல்பியாவுக்குத் தெற்கே டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள பழைய துறைமுக நகரம் அது. 1950இல் சுமார் 66,000 பேர் வாழ்ந்தார்கள். கப்பல் கட்டும் தளமும் ஃபோர்டு கார் தொழிற்சாலையும் இருந்தன. ஃபோர்டு 1961இல் போயிற்று. கப்பல் தளம் 1980களின் இறுதியோடு முடிந்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 33,000க்கும் கீழே. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2022 நவம்பரில் நகராட்சியே திவால் மனு போட்டது. அதை ஒட்டிய சிற்றூர் அப்லாண்ட். மார்ட்டின் லூதர் கிங் இறையியல் படித்தது அங்கிருந்த குரோசர் கல்லூரியில்தான். காந்தியைப் பற்றி அவர் ஆழமாகப் படிக்கத் தொடங்கியதும் அந்த மாணவப் பருவத்தில்தான். அதே டெலவேர் கவுண்டியில் ராட்னர், சுவார்த்மோர் போன்ற வசதி படைத்த ஊர்களும் இருக்கின்றன. அங்கே குறைந்த விகிதத்தில் வரி போட்டாலும் பணம் கொட்டும். பாழடைந்த வீடுகள் நிறைந்த செஸ்டரில் எவ்வளவு வரி போட்டாலும் வசூல் தேறாது.

இதன் விளைவு தேர்வு முடிவுகளில் தெரிந்தது. மாநிலத் தேர்வுகளில் வாசிப்பிலும் கணக்கிலும் செஸ்டர் அப்லாண்ட் ஆண்டுதோறும் கடைசி வரிசையில் நின்றது. நிர்வாகம் சரியில்லை என்று அரசு முடிவு கட்டியது. 1994இல் நிதி நெருக்கடிக்கு உள்ளான மாவட்டம் என்று அறிவித்து, கட்டுப்பாட்டுக் குழுவின் கையில் பொறுப்பைக் கொடுத்தது. 2001இல் எடிசன் ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்குள்ள கம்பெனி வந்தது. பெரும்பாலான பள்ளிகளை நடத்தும் ஒப்பந்தத்தைப் பெற்ற அந்தக் கம்பெனி 2005இல் வெளியேறியது. 2010இல் அதிகாரம் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்துக்கு வந்தது. 2012இல் அது திரும்பவும் பறிக்கப்பட்டு, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் ரிசீவர் நியமிக்கப்பட்டார். அவருக்குப் பின் இன்னொருவர், பிறகு மற்றொருவர். இருபது ஆண்டுகளில் நாற்காலியில் உட்காராத வகை ஆள் இல்லை. நாற்காலிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அந்தக் கணக்கு என்ன? பென்சில்வேனியா 1997இல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி. பெற்றோர் அதில் பிள்ளையைச் சேர்த்தால், அந்தப் பிள்ளைக்கான பணத்தை ஊர்ப் பள்ளி மாவட்டம் அங்கே கட்ட வேண்டும். செஸ்டரில் 1998இல் தொடங்கிய ஒரு சார்ட்டர் பள்ளி, கட்டடத்தில் இயங்குபவற்றில் மாநிலத்திலேயே பெரியதாக வளர்ந்தது. ஊர்ப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போனார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப் பள்ளி கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. பாதுகாப்பான கட்டடமும் ஒழுங்கும் வேறிடத்தில் இருந்தால் எந்தத் தாயும் அங்கேதான் போவாள்.

பிள்ளை போனால் செலவும் போய்விடும் என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். நடைமுறை வேறு. ஒரு வகுப்பில் முப்பது பேரில் மூவர் போனால் ஆசிரியரின் சம்பளம் பத்தில் ஒரு பங்கு குறையாது. கட்டடத்துக்கு வெப்பமூட்டும் செலவு குறையாது, பஸ்ஸின் டீசல் செலவும் குறையாது. இந்தச் சுமையை ஈடுகட்ட மாநில அரசு மாவட்டங்களுக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவந்தது. 2011 பட்ஜெட்டில் கவர்னர் டாம் கார்பெட்டின் அரசு அதையும் நிறுத்தியது. அடுத்த ஜனவரியில்தான் கஜானா காலியானது.

இதைவிடப் பெரிய ஓட்டை, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கான கட்டணத்தில் இருந்தது. மாவட்டம் சிறப்புக் கல்விக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, அத்தகைய பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று தெரியும். ஆனால் சட்டம் உண்மையான எண்ணிக்கையைக் கேட்கவில்லை. எல்லா மாவட்டத்திலும் மாணவர்களில் 16 சதவீதம் பேர்தான் அப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக்கொண்டு வகுக்கச் சொன்னது.

ஓர் எளிய உதாரணம் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் 1,000 பிள்ளைகள். அவர்களில் 240 பேருக்குச் சிறப்புக் கல்வி. மொத்தச் செலவு 48 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தலைக்கு 20,000 டாலர். சட்டப்படி 160 பேரால் வகுத்தால் 30,000. இல்லாத 10,000 டாலர் காகிதத்தில் பிறந்து, நிஜப் பணமாக மாவட்டத்தின் கஜானாவிலிருந்து வெளியேறுகிறது. சாதாரண மாணவருக்கான கட்டணம் இதற்கு மேல் தனி. ஏழை மாவட்டங்களில்தான் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் அதிகம் என்பதால் அடியும் அவற்றுக்கே அதிகம்.

இன்னொரு கோளாறும் உண்டு. திக்குவாய் உள்ள பிள்ளைக்கும், நாள் முழுதும் உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டிய பிள்ளைக்கும் ஒரே கட்டணம். வாரத்துக்குச் சில மணி நேரப் பேச்சுப் பயிற்சியோடு முடிந்துவிடும் பிள்ளைகள் சார்ட்டர் பள்ளிகளில் கணிசமாக இருந்தார்கள். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் ஊர்ப் பள்ளியிலேயே தங்கினார்கள். அவர்களால் ஊர்ப் பள்ளியின் செலவு ஏறும். செலவு ஏறினால் சூத்திரப்படி சார்ட்டர் பள்ளிக்குக் கட்டும் தொகையும் ஏறும். கிணற்றில் விழுந்தவன் கையில் கிடைத்த கயிற்றைப் பிடித்து இழுக்க, கயிறு மேலேயிருந்து கல்லைத் தள்ளிய கதை.

2015இல் இந்தத் தொகை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 40,315 டாலரில் வந்து நின்றது. புதிய கவர்னர் டாம் உல்ஃப் அதை 16,152 டாலராகக் குறைக்கத் திட்டம் வைத்தார். மாநிலம் மாவட்டத்துக்குக் கொடுக்கும் உதவியைவிட மாவட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கட்டும் பணம் அதிகம் என்று அரசு தரப்பு சுட்டிக்காட்டியது. ஆகஸ்ட் 25 அன்று கவுண்டி நீதிமன்றம் அந்தக் குறைப்பை ஏற்க மறுத்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆசிரியர்கள் சம்பளமின்றி வேலை செய்யத் தீர்மானித்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை நடந்து, தொகை சுமார் 27,000 டாலருக்கு இறங்கியது.

மாவட்டத்தின் மீது தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நீதிமன்றம் கணக்கு வழக்குகளைத் துருவித் தணிக்கை செய்யும் யோசனையை ஏற்றுக்கொண்டது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்திருந்தால் அதற்குத் தேவையே இருந்திருக்காது. ஆனால் நிர்வாகச் சீர்கேடு மட்டுமே காரணம் என்றால், வாரியம் போய்க் கம்பெனி வந்தபோதும், கம்பெனி போய் ரிசீவர் வந்தபோதும் நிலைமை தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. சார்ட்டர் பள்ளிகளின் தேர்வு முடிவுகளும் மாநிலச் சராசரியை எட்டவில்லை. அப்படியிருந்தும், மிச்சமிருந்த பள்ளிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும் முயற்சி 2020இல் நடந்தது. 2021இல் ரிசீவர் அது வேண்டாம் என்று முடிவு செய்ததால் பள்ளிகள் மாவட்டத்திடமே தங்கின.

கணக்கைத் தொட்ட முதல் பெரிய தீர்ப்பு 2023 பிப்ரவரி 7 அன்று வந்தது. செஸ்டர் அப்லாண்ட் அந்த வழக்கில் மனுதாரர் அல்ல. அதே கவுண்டியில் இருக்கும் வில்லியம் பென் பள்ளி மாவட்டமும் வேறு சிலரும் 2014இல் போட்ட வழக்கு அது. சொத்து வரியை இவ்வளவு நம்பியிருக்கும் நிதி முறை ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்கு அநீதி இழைக்கிறது, அது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 786 பக்கங்களில் நீதிபதி ரெனே கோன் ஜுபெலிரர் எழுதினார். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. 2024 பட்ஜெட்டில், பின்தங்கிய மாவட்டங்களின் இடைவெளியை நிரப்பும் பணத்தின் முதல் தவணை வந்தது.

இந்தியாவுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்காக அரசு திருப்பித் தரும் தொகை, அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அல்லது தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. பணம் பிள்ளையைத் தொடர்ந்து போகும் என்ற கொள்கை இங்கும் நுழைந்துவிட்டது. இங்கே உச்சவரம்பு இருக்கிறது, பணம் கொடுப்பது மாநில அரசு என்பதால் ஓர் ஊர்ப் பள்ளி தனியாகத் திவாலாகாது. ஆனால் தலைக்குச் செலவு எவ்வளவு என்று யார், எதை எதால் வகுத்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு நாட்டுக்கும் பொதுவானது. பிள்ளைகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்களின் தலைக்கான செலவு காகிதத்தில் ஏறும். அந்த எண்ணைக் காட்டி அரசுப் பள்ளி வீண் செலவு என்று சொல்வது சுலபம்.

செஸ்டரின் ஆசிரியர்கள் 2015 செப்டம்பரில் வகுப்புக்குப் போனார்கள். பள்ளி திறந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடங்களில் வகுத்தலும் ஒன்றாக இருந்திருக்கும். வகுக்கும் எண்ணைத் தவறாக எடுத்தால் விடை தவறும் என்பது அதில் முதல் பாடம். சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. மாற்றிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.