கழுத்துக்குப் பாரமாகாத கேமரா



கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பிரயாணம் இன்று எட்டாத காரியமல்ல. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனைப் பார்க்க ஒருவர் போகிறார். துபாயில் குடியிருக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாக இன்னொருவர் போகிறார். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பரிசுத்த தேசத்தைக் காணப் போகிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட், விசா, மாத்திரை, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாம் ஆயத்தமான பிறகு, புறப்படுவதற்கு முந்தின வாரத்தில்தான் வீட்டில் ஒருவர் கேட்பார்: "கேமரா?"

அந்த அவசரத்தில் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். யாரிடமாவது ஒரு பெரிய கேமராவை இரவல் வாங்குகிறோம். அல்லது கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுகிற விலையுயர்ந்த கேமராவை வாங்குகிறோம். இரண்டும் பெரும்பாலும் வருத்தத்தில் முடிகின்றன. முதலாவது தவற்றைச் செய்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாயாரை அழைத்துக்கொண்டு மலேசியா சென்றேன். இளம் வயதிலேயே அங்கே போய்விட்ட தம்பியை அவர்கள் பல ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. இந்தச் சந்திப்பைச் சிறப்பாகப் படமெடுக்க வேண்டும் என்று நண்பரிடம் பெரிய கேமரா ஒன்றும் இரண்டு லென்ஸ்களும் வாங்கிச் சென்றேன். முதல் இரண்டு நாள் ஆர்வத்தோடு சுமந்தேன். மூன்றாம் நாள் கழுத்து வலித்தது. நான்காம் நாள், "இன்று வீட்டில்தானே இருக்கப்போகிறோம்" என்று அதை விடுதி அலமாரியில் பூட்டிவிட்டுப் போனேன். அன்று மாலையில்தான் அக்காவும் தம்பியும் வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் பலாச்சுளை எடுத்துத் தின்றுகொண்டு, தங்கள் சிறுவயதுக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு மாமா காலமானார். இரட்டைக் கோபுரத்தின் படங்கள் என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அந்த வாசற்படியின் படம் ஒன்றுகூட இல்லை.

ஆகையால் இந்த மாதம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். களைத்துப்போன நான்காம் நாளிலும் உங்களோடு கூட வரும் கேமராவே உங்களுக்கு நல்ல கேமரா.

சுமை சுமந்தவர்கள்

கேமராவின் பாரத்தைப் பற்றிப் பேச நம் நகரத்துக்குத் தகுதி உண்டு. 1863-ஆம் ஆண்டு சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். நாட்டிங்ஹாம் நகரில் வங்கி எழுத்தராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் படமெடுக்க வந்தவர் அவர். சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் அவர் மேற்கொண்ட முதல் பிரயாணத்திலேயே ஏறக்குறைய 30 கூலியாட்கள் சுமை தூக்கினார்கள். பின்னர் நடந்த பிரயாணங்களில் அந்த எண்ணிக்கை 40-ஐயும் தாண்டியது.

இத்தனை பேர் எதற்காக? அக்காலத்தில் படச்சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் இரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த இடத்திலேயே கழுவி முடிக்க வேண்டும். எனவே கண்ணாடித் தகடுகளின் பெட்டிகள், மருந்துக் குப்பிகள், இருட்டறையாகப் பயன்படும் கூடாரம் ஆகிய அனைத்தும் மலையேற வேண்டியிருந்தது. 1866-இல் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் போர்ன் படமெடுத்தார். அவரும் அவருடைய கூட்டாளி சார்லஸ் ஷெப்பர்டும் நடத்திய "போர்ன் அண்ட் ஷெப்பர்ட்" நிலையம் எஸ்பிளனேடுக்கு அருகில், இன்று சுரேந்திரநாத் பானர்ஜி சாலை என்று அழைக்கப்படும் தெருவில், 2016-ஆம் ஆண்டு வரை இயங்கியது. உங்களில் சிலர் அந்தக் கட்டடத்தைக் கடந்து டிராமில் போயிருப்பீர்கள்.

பாரத்தைக் குறைத்தவர் ஒரு நோயாளி. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா இருந்தது. பெரிய தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்க அவருடைய மார்பு இடங்கொடுக்கவில்லை. திரைப்படத்துக்கான 35 மில்லிமீட்டர் சுருளைப் பயன்படுத்தி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை 1914-ஆம் ஆண்டுவாக்கில் அவர் உருவாக்கினார். 1925-இல் அது "லைக்கா" என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கையடக்கக் கேமராவுக்குப் பெரும் வழி திறந்தது, மூச்சுத் திணறலோடு நடந்த ஒரு மனிதரின் தேவையால்தான்.

முதலில் எடை, பிறகு விலை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தோள்பையில் அரைக் கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு, எஸ்பிளனேடிலிருந்து விக்டோரியா நினைவகம் வரை மைதானத்தின் ஓரமாக நடந்துபாருங்கள். மறுநாள் ஒன்றே முக்கால் கிலோவைப் போட்டு அதே தூரத்தை நடந்துபாருங்கள். உங்கள் தோள் சொல்லும் பதிலைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இந்த எடைகளைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2016-இல் வெளிவந்த கேனான் 5டி மார்க் 4 கேமரா மின்கலத்தோடு 890 கிராம். அதற்குரிய 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. 2023-இல் வெளிவந்த கேனான் ஆர்50 கேமரா 375 கிராம், அதன் 18-45 லென்ஸ் 130 கிராம். ஆக அரைக் கிலோ. 2019-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் லென்ஸும் மின்கலமும் உட்பட 302 கிராம்தான். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்பேசி போதாதா?

பலருக்குப் போதும். பகல் வெளிச்சத்தில் எடுத்து, உறவினருக்கு அனுப்பி, சிறிய அளவில் அச்சிட மட்டும் நினைத்தால் உங்கள் பணத்தை மிச்சப்படுத்துங்கள். தனிக் கேமராவுக்கு நியாயமான காரணங்கள் மூன்று. தூரத்தில் இருப்பதை நெருக்கமாக எடுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் முகங்களை எடுக்க வேண்டும். வழி காட்டவும் பேசவும் தேவையான செல்பேசியின் மின்சாரம் மாலைக்குள் தீர்ந்துவிடக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு உண்மையானால் மேலே படியுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

1. சென்சாரின் அளவு. மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம். ஒளியை வாங்கும் சென்சார் ஒரு பாத்திரத்தைப் போன்றது. வாய் அகன்ற பாத்திரத்தில் மழைநீர் அதிகம் சேரும். மலிவான சிறு கேமராக்களில் உள்ள சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. "ஒரு அங்குலம்" எனப்படும் வகை 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பளவில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி வகை, அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் கூட. மிகச் சிறிய சென்சார் உள்ள கேமரா இருட்டில் உங்கள் செல்பேசியைவிட மேலானதாக இராது. பிரயாணத்துக்கு "ஒரு அங்குலம்" நல்ல நடுவழி.

2. ஆப்டிகல் ஜூம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது டிஜிட்டல் ஜூமாக இருக்கலாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. லென்ஸ் கண்ணாடி அசைந்து நெருங்குவதே ஆப்டிகல் ஜூம். அந்த எண்ணை மட்டும் கேளுங்கள்.

3. அதிர்வுத் தடுப்பு. வயதானவர்களின் கை சற்று நடுங்கும். அதைச் சமன்செய்யும் வசதி லென்ஸிலோ உடலிலோ இருப்பது அவசியம்.

4. கண் வைத்துப் பார்க்கும் துளை. துபாய் வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடியோடே பார்த்துச் சோதிக்க வேண்டும்.

5. பொத்தான்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்து, ஒன்றும் விளக்காமல், "ஒரு படம் எடுங்கள்" என்று சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் அந்தக் கேமரா உங்கள் குடும்பத்துக்கானதல்ல. எப்போதும் நீங்களே எடுத்துக்கொண்டிருந்தால், எந்தப் படத்திலும் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

எஸ்பிளனேடில் மெட்ரோ திரையரங்கை ஒட்டிய மெட்ரோ கலியில் கேமராக் கடைகள் வரிசையாக உள்ளன. நான்கு கடைகளில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். "பில் வேண்டாம் என்றால் விலை குறைவு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை. பழைய கேமராவை வாங்குகிறவர்கள் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சாதாரணம். உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். போகிற நாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்த உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். பல நேரங்களில் செல்லாது.

புறப்படும் முன்

குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். ரவீந்திர சரோவரில் காலை வெளிச்சத்திலும், பிரின்செப் படித்துறையில் மாலை மங்கலிலும், உங்கள் வீட்டுக் குழல்விளக்கின் கீழும் எடுத்துப் பழகுங்கள்.

விலை அதிகமான கேமராவாக இருந்தால் பில்லின் நகலை உடன் கொண்டுசெல்லுங்கள். டம்டம் விமான நிலையத்தில் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் கேமராவைக் காட்டி, வரிசை எண் குறித்த ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளலாம். திரும்பி வரும்போது, "இதை வெளிநாட்டிலா வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

சிறிய கேமராக்களின் மின்கலம் பெரும்பாலும் 250 முதல் 400 படங்கள் வரைதான் தாங்கும். ஆகவே இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். உபரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடி வையுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் சுவரில் உள்ள துளைகள் மூன்றும் செவ்வக வடிவானவை. நம் உருண்டை முனைச் செருகி அவற்றில் ஏறாது. ஒரு மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

போன இடத்தில்

குளிரூட்டிய அறையிலிருந்து சிங்கப்பூர் வெயிலுக்குள் வந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து, பிறகு எடுங்கள். அருங்காட்சியகங்கள் பலவற்றில் ஃபிளாஷ் கூடாது. அதை அணைக்கும் முறையை முன்பே கற்றுக்கொள்ளுங்கள். எருசலேமின் மேற்குச் சுவர் முன்பாக ஓய்வுநாளில் படமெடுக்கலாகாது. வெள்ளி மாலையில் அங்கே போகிறவர்கள் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

இன்னொரு காரியம். போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிலையத்தில் 1991-ஆம் ஆண்டு தீப்பற்றியது. கூலியாட்கள் முதுகில் சுமந்து காத்த காலத்திலிருந்து சேர்ந்துவந்த களஞ்சியத்தின் பெரும்பகுதி அன்று அழிந்தது. அந்த மலைக்காட்சிகளின் அச்சுப் பிரதிகள் பல, வேறு நாடுகளின் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இருந்ததால் இன்றும் நாம் அவற்றைக் காண முடிகிறது. ஒரே இடத்தில் வைத்தது எரிந்தது; பல இடங்களுக்குப் போனது பிழைத்தது. ஆகவே ஒரு பெரிய நினைவட்டைக்குப் பதிலாக இரண்டு சிறிய அட்டைகள் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு இரவும் முக்கியமான படங்களைச் செல்பேசிக்கு மாற்றி, வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தபின் இருபது படங்களையாவது தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள்.

வாசகர்களே, கோபுரங்களையும் பாலங்களையும் நம்மைவிடச் சிறப்பாக எடுத்தவர்கள் அநேகர். தபால் அட்டையிலே அவை கிடைக்கும். உங்கள் அக்காவும் அவர்களுடைய தம்பியும் வாசற்படியில் உட்கார்ந்து சிரிப்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்கமாட்டார்கள்.

என் தாயார் இன்றும் சில மாலைகளில் அந்த ஆல்பத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். கடைசிப் பக்கம் வந்ததும், "அந்த வாசற்படிப் படம் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். எடுக்கவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கேட்பார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழாதிருக்கட்டும். இலகுவானதை வாங்குங்கள். அதை அலமாரியில் பூட்டாதிருங்கள்.

உங்கள் பிரயாணம் சுகமாய் அமைவதாக. அடுத்த மாதம் சந்திப்போம்.