பாட்டிலுக்கு ஒரு கணக்கு வேண்டாமா?

திருப்பூரில் ஏதாவது ஒரு சாயப்பட்டறைக்குள் போய், "தண்ணிய உத்தேசமா ஊத்திக்கலாங்க" என்று சொல்லிப் பாருங்கள். மாஸ்டர் உங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்ற விகிதம் இல்லாமல் அங்கே சாயம் ஏறாது. தண்ணீர் கூடினால் உப்பு கூடும், கழிவு கூடும், செலவு கூடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, வெளியே போகிற தண்ணீருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதே ஊரில், அந்தத் துணியைத் தைக்கிறவரின் நரம்புக்குள் போகிற தண்ணீருக்கு மட்டும் கணக்கு கிடையாது.

ஒன்றரை ஷிஃப்ட் முடித்து, கால் வீங்கி, தலை சுற்றி ஒரு பெண் கிளினிக்குக்கு வருகிறார். "ஒரு பாட்டில் போட்டுவுடுங்க சார்." போடுகிறார்கள். நிறம் வர ஒரு வைட்டமின் ஊசியும் அதில் கலக்கிறார்கள். பாட்டில் தீர்ந்ததும் சிகிச்சை முடிந்தது. அந்த அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது அஞ்சாறு டீஸ்பூன். நூறு கலோரி கூடத் தேறாது. பேக்கரியில் ஒரு டீயும் பன்னும் இதைவிடத் தாராளம்.

இதைச் சொன்னதும் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். 'அறியாமை, மூடநம்பிக்கை, டிரிப் மோகம்.' என் சண்டை முதலில் இவர்களோடுதான். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் பாத்ரூமுக்கு எழுந்தால் பீஸ் குறையும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. தண்ணீர் இருந்தால் போதுமா, எழுந்து போக நேரம் வேண்டாமா? அந்த பாட்டில் அவருக்கு வாங்கித் தருவது ஒரு மணி நேரம். யாரும் திட்டாமல் அவர் பகலில் படுத்திருக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கட்டில். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

ஆனால், கணக்கில்லாமல் ஊற்றும் பழக்கம் கிளினிக்கோடு நிற்பதில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் அதுவே போகிறது. அங்கே அது உயிர் விஷயம். 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த மூவாயிரத்துச் சொச்சம் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வேகமாக திரவம் ஏற்றப்பட்டவர்களில் 100-க்குப் பத்துக்கு மேல், ஏற்றப்படாதவர்களில் 100-க்கு ஏழு, 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். சரி, குறைத்தே கொடுத்துவிடலாமா? 2018-ல் பெரிய வயிற்று அறுவை செய்துகொண்ட 3,000 பேரிடம் அதையும் பார்த்தார்கள். கட்டுப்படுத்திக் கொடுத்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கியது. தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சலைன் ஒரு மருந்து. ஆளுக்கு ஆள், மணிக்கு மணி அளவு மாறும்.

டெங்கு இதை நமக்கு நேரிலேயே காட்டியிருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த ஒன்றிரண்டு நாளில் டிரிப்தான் உயிர்காக்கும். கசிவு நின்று நீர் திரும்பி உள்ளே வரும்போது அதே டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பும். பாட்டில் ஒன்றுதான். ஆனால் நேற்று காப்பாற்றியது இன்று மூச்சை அடைக்கும்.

இலக்கு வைத்து திரவம் கொடுப்பது என்று மருத்துவர்கள் பேசுவது இதைத்தான். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, திரவம் கொடுத்தால் அது கூடுகிறதா? கூடினால் கொடு, கூடாவிட்டால் நிறுத்து. கவலைக்கிடமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கூடும். ஒரு சொட்டுகூட ஏற்றாமல் இதைச் சோதிக்கலாம். காலைத் தூக்கிவைத்தால் காலில் தங்கிய ரத்தம் இதயத்துக்கு வரும், எக்கோவில் பார்க்கலாம். பிறகு காலை இறக்கிவிட்டால் ரத்தம் பழையபடி திரும்பிவிடும்.

"இதெல்லாம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி சமாச்சாரம்" என்பார்கள். அங்கேதான் தப்பு. 2001-ல் டெட்ராய்டில் 263 நோயாளிகளிடம் இமானுவேல் ரிவர்ஸ் குழு செய்த ஆய்வில், கழுத்து நரம்புக் குழாய், ஆக்ஸிஜன் அளவு என்று இலக்கு வைத்து முதல் 6 மணி நேரம் பார்த்ததில் மரணம் 46.5-லிருந்து 30.5 சதவீதமாக இறங்கியது. 2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டனில் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. ஏன்? அதற்குள் சாதாரண சிகிச்சையிலேயே சீக்கிரம் கண்டுபிடிப்பதும் சீக்கிரம் ஆன்டிபயாடிக் போடுவதும் பழக்கமாகியிருந்தன. குழாயைவிடக் கவனம்தான் பெரிது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

2019-ல் லத்தீன் அமெரிக்காவின் 28 மருத்துவமனைகள் இன்னும் எளிமையாகக் கேட்டன. விரல் நுனியை 10 வினாடி அழுத்திவிடு. 3 வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? அரை மணிக்கு ஒருமுறை இதைப் பார்த்து சிகிச்சை செய்தவர்களில் 34.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ரத்தத்தில் லாக்டேட் அளந்து செய்தவர்களில் 43.4. புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது, ஆகவே விரல்தான் மேல் என்று சொல்ல முடியாது. ஆனால், கருவி இல்லையே என்று கையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது.

அரை மணிக்கு ஒருமுறை திரும்பி வர ஓர் ஆள் வேண்டும். விலை அதற்குத்தான். 2022 ஜனவரியில் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், நல்லது. அடுத்த முறை மேடையில் புது மானிட்டரைக் காட்டும்போது, ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று கேளுங்கள். உங்கள் வீட்டு ஆளுக்குப் பாட்டில் மாட்டினால் தடுக்காதீர்கள், கேளுங்கள்: எதுக்குங்க இது, எதைப் பார்த்து நிறுத்துவீங்க, மறுபடி எப்போ வந்து பார்ப்பீங்க? பதில் சொல்கிற டாக்டருக்கு இந்தக் கேள்வி அவமானமாக இருக்காது. பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் ஒன்று. துணிக்குத் தண்ணீர் அளக்கத் தெரிந்த உங்களுக்கு, தைக்கிறவர் எழுந்து போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வரும் ஐந்து நிமிடத்தை மட்டும் ஏன் நஷ்டக் கணக்கில் எழுதத் தோன்றுகிறது?