எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போதே செலவிட வேண்டும்

இலங்கையில் வளர்ந்தோருள் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்று இல்லை. 1987இல் முதல் இலங்கையர் தொற்றாளராகக் கண்டறியப்பட்ட காலந்தொட்டு இதுவே நிலை. இவ்வளவு அரிதான நோய்க்கு அரசு பணம் ஒதுக்குவது ஏன் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். என் கருத்து நேர்மாறானது. தொற்று குறைவாக இருக்கும் காலமே முதலீட்டுக்கு ஏற்ற காலம். இன்று தடுக்கப்படும் ஒவ்வொரு தொற்றும் ஒருவரின் ஆயுள்காலச் சிகிச்சைச் செலவை மிச்சப்படுத்துவதோடு, அவரிடமிருந்து பிறருக்குப் பரவக்கூடிய தொற்றுகளையும் தடுக்கிறது. புதிதாகக் கண்டறியப்பட்டோர் 2021இல் 400க்குச் சற்று மேல். 2022இல் 600ஐத் தாண்டினர். பரிசோதனை கூடியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை.

இலக்கறிந்து செலவிட்டால் பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று நம் கிளினிக்குகளிலேயே இருக்கிறது. கர்ப்பிணித் தாய் பதிவுக்கு வரும்போது கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கிறார்கள், சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் அதில் சோதனை நடக்கிறது. தொற்றிருந்தால் தாய்க்கு இலவசச் சிகிச்சை தொடங்கி, குழந்தை காக்கப்படுகிறது. இதை நாடெங்கும் விடாமல் செய்ததால்தான், தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார அமைப்பு 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. எச்.ஐ.வி. மருந்தை உரிய காலத்தில் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு 90 வீதத்துக்கும் மேல் குறையும் என்று 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆகவே சிகிச்சைச் செலவே தடுப்புச் செலவுமாகிறது.

தாய்மாரை எட்டிய அதே சேவை மற்றவர்களை எட்டவில்லை. கண்டிக்கு அருகிலுள்ள குண்டசாலையையே எடுத்துக்கொள்வோம். பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையில் வெளியூர் இளைஞர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் பரிசோதனைக்காகக் கண்டி நகரின் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டுமானால் ஒருநாள் சம்பளத்தையும், சில வேளை வரவுக் கொடுப்பனவையும் இழக்க நேரிடும். சோதனை இலவசம்தான்; அங்கே போவதற்கு விலை உண்டு. மாலையிலும் ஞாயிறிலும் இரகசியம் காக்கும் நடமாடும் சேவை, சுயபரிசோதனைக் கருவி, பல்லேகலைச் சிறைச்சாலையில் தவறாத பரிசோதனை ஆகியவற்றுக்கே பணம் போக வேண்டும். மேடையும் பதாகையுமாக உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் முதலாம் திகதியோடு முடிந்துபோகும் விழாக்களுக்கல்ல.

டெங்கும் நீரிழிவும் பல மடங்கு பேரை வாட்டும்போது இதற்கென்ன அவசரம் என்பது நியாயமான கேள்வி. அந்த நோய்களுக்கான பணத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தத் தேவைப்படுவது ஒப்பளவில் சிறு தொகை; அதே தாதியரும் ஆய்வுகூடமும் ஏனைய பாலியல் நோய்களையும் கவனிக்கிறார்கள். ஒழுக்கம் தவறியவர்களின் நோய்க்கு மக்கள் பணமா என்று கேட்பவர்களும் உண்டு. கணவனிடமிருந்து தொற்றிய மனைவிக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? 2016இல் குளியாப்பிட்டியில், தந்தை எயிட்சால் இறந்தார் என்ற வதந்தியால் தொற்றே இல்லாத ஒரு சிறுவனைப் பாடசாலையிலிருந்து விரட்டினார்கள். கண்டி திரித்துவக் கல்லூரிதான் அவனைச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய அச்சம் மக்களைப் பரிசோதனையிலிருந்து விலக்குகிறது. விலகியவர்களிடம் நோய் தெரியாமலே பரவுகிறது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் அதே கேட்டைச் செய்கின்றன. அவற்றை நீக்கப் பணம் தேவையில்லை. பாராளுமன்றத்தின் துணிவே தேவை.

வெளிநாட்டு உதவி வரும்தானே என்பது இன்னொரு வாதம். ஆபத்தில் உள்ளோரை நாடிச் செல்லும் களப்பணியில் பெரும்பகுதி, எயிட்ஸ் உள்ளிட்ட நோய்களை எதிர்க்கும் உலக நிதியத்தின் பணத்தில் நடந்துவந்தது. அந்த நிதியம் 1,800 கோடி டொலரை இலக்கு வைத்தது. 2025 நவம்பரில் உறுதியளிக்கப்பட்டதோ 1,100 கோடிக்குச் சற்று மேல்தான். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை ஒரே ஆணையில் நிறுத்திவைத்தபோது ஆபிரிக்காவில் பல சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன. அந்நிலை நமக்கும் வரக்கூடாது. மருந்துக்கு மட்டுமன்றிக் களப்பணியாளரின் சம்பளத்துக்கும் திறைசேரி ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு செய்ய வேண்டும்; மத்திய மாகாண சபை தன் பங்கை ஏற்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஒதுக்கீடு இருக்கிறதா என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்பது நம் கடமை.