வானத்துக் கண்ணும் வன்னி மண்ணும்

படம் பொய் சொல்லாது என்பர் ஒரு சாரார். படம் எதனையும் நிறுவாது என்பர் மறு சாரார். செய்மதிப் படங்களைப் பற்றி நிலவும் இவ்விரு கூற்றுக்களும் ஒரே சோம்பலின் இரு முகங்களாம். படம் தானாகப் பேசுவதில்லை, அது வாசிக்கப்படவேண்டியதொன்று. வாசிக்கும் ஆற்றலுடையோர் கையிலேயே வரலாறும் சென்றடைகின்றது.

2023 பெப்ருவரி 4ஆம் திகதி தென் கரோலினாக் கரைக்கு அப்பால் அமெரிக்கா சுட்டுவீழ்த்திய சீனப் பலூன் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 60 மீற்றர் உயரமுடைய அப்பலூன் 18 கிலோமீற்றர் உயரத்தில் மிதந்தது. செய்மதிப் படத்தில் அது மேகத்துணுக்கை ஒத்ததொரு புள்ளியே. ஆயினும் பயின்ற கண்ணுக்கு வேறுபாடு புலப்பட்டது. செய்மதிகள் பல சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை ஒரே கணத்திற் பதிவதில்லை. சிறு இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகின்றன. அவ்விடைவெளியிற் செய்மதி முன்னேறிவிடுவதால், நிலத்திலிருந்து மிக உயர்ந்து நிற்கும் பொருள் மூன்று நிற வட்டங்களாகப் பிரிந்து தோன்றும். அவற்றின் விலகல் உயரத்தைக் கணிக்கவும் உதவும். இத்தகைய அடையாளங்களைக் கொண்டு சிந்தெற்றைக் என்னும் அமெரிக்க நிறுவனம், சேமிப்பிலிருந்த பழைய படங்களில் அப்பலூன் வந்த வழியைப் பின்னோக்கித் தேடிக் கண்டது. வேவு பார்க்க வந்தது தானே வேவுக்குள்ளாயிற்று.

சேமித்த படங்களில் மறைக்கப்பட்டதைத் தேடும் இம்முறை, அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே வன்னியிற் கையாளப்பட்டதாகும். கனரக ஆயுதப் பாவனை நிறுத்தப்படுமென 2009 ஏப்ரல் 27ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. மே 6ஆம், 10ஆம் திகதிப் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றக் கழகமோ, முல்லைத்தீவுக் கரையோரத்திற் குண்டுக் குழிகளும், அழிந்த கட்டடங்களும், அகற்றப்பட்ட அகதிக் கொட்டில்களும் காணப்படுவதாக மே 12ஆம் திகதி அறிக்கையிட்டது. ஐக்கிய நாடுகளின் யூனோசாற் அமைப்பு அவ்வாண்டு பெப்ருவரி 5 முதல் ஏப்ரல் 19 வரையான படங்களை ஆராய்ந்தது. 2011 மார்ச்சில் முடிவுற்ற ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் செய்மதிச் சான்றைத் துணைக்கொண்டது. சுதந்திரமான பத்திரிகையாளர் அனுமதிக்கப்படாத களத்தில், வானத்துச் சாட்சியே எஞ்சியது.

எனினும் அச்சாட்சிக்கு எல்லையுண்டு. மண்ணிலுள்ள வட்டமெல்லாம் எறிகணைக் குழியாகாது. பள்ளமாயின் அதன் நிழல் சூரியன் நிற்கும் பக்கத்தில் விழும். மேடாயின் எதிர்ப்பக்கத்தில் விழும். இத்துணையை எந்நாட்டு நிபுணரும் அறிவர். ஆனால் அவ்வட்டம் கிணறா, சேலைகளை மணல்மூடைகளாகத் தைத்து மக்கள் அமைத்த பதுங்குகுழியா என்பதைப் புதுமாத்தளனில் வாழ்ந்தவரே உறுதியாகக் கூறுவர். எறிந்தவர் எவர் என்பதையும் குழி தனித்துக் கூறாது. படம் எத்தரப்புக்கும் வழக்கறிஞரன்று. விடுதலைப் புலிகள் மக்களைத் தடுத்துவைத்ததையும் அதே நிபுணர் குழு கண்டித்தது. வேண்டிய புள்ளிக்கெல்லாம் வேண்டிய பெயரைச் சூட்டிப் பரப்புவோர், மெய்யான சான்றின் மதிப்பையே குலைக்கின்றனர்.

செய்மதியினும் தாழ்ந்து பறந்த கண்ணொன்றும் இருந்தது. வன்னி மக்கள் அதனை ‘வண்டு’ என அழைத்தனர். ஆளில்லா அவ்வேவு விமானத்தின் காட்சிகளில் அரசுக்கு உவப்பான துண்டுகள் 2009 ஏப்ரலிற் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டன. மருத்துவமனைகளின் அமைவிடங்களும் அரசு அறிந்தவையே. அவ்வாறாயின் எஞ்சிய காட்சிகள் பூட்டப்பட்டிருப்பது ஏன்? மறைப்பதற்கு ஏதுமில்லையெனக் கூறும் அரசு, அவற்றை முழுமையாக வெளியிட்டே தன் கூற்றை நிறுவுதல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் கடமையுண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சென்ரினல்-2 செய்மதியின் படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் 10 மீற்றர் நுணுக்கம் எறிகணைக் குழிக்குப் போதாது. ஆனால் காடழிப்பையும், 2017இல் மக்கள் மீட்கப் போராடிய கேப்பாப்புலவுக் காணிகள் போன்றவற்றின் மாற்றத்தையும் ஆண்டுதோறும் நோக்கப் போதும். நுண்படங்களை விலைகொடுத்துப் பெறலாம். ஊரறிந்த முதியவரின் நினைவை எவ்விலைக்கும் பின்னர் பெறமுடியாது. படத்தையும் அந்நினைவையும் ஒருங்கே வாசிக்கும் மாணவர் வன்னியிலேயே உருவாதல் வேண்டும். தன் நிலத்தின் படத்தைத் தான் வாசியாத சமூகம், பிறர் வாசித்துக் கூறும் அளவையே தன் வரலாறாக ஏற்க நேரும்.