ஆயிரம் ஷாட் போதாது

2006 ஜூன் மாதம் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, துக்கா ராஸ்க் என்ற 19 வயதுப் பின்லாந்து இளைஞரைப் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆண்ட்ரூ ரேக்ராஃப்டை வாங்கிக்கொண்டது. இருவருமே கோல்கீப்பர்கள். ராஸ்க் அதுவரை டொரன்டோவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ரேக்ராஃப்டோ 2004இல் சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதை வென்றவர். டொரன்டோவில் வளர்ந்த பிள்ளைகளிடம், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, ஐஸ் ஹாக்கிப் பேச்சை எடுத்தால் இந்தப் பண்டமாற்று எப்படியும் வந்து நிற்கும்.

டொரன்டோவின் கணக்கில் அன்று ஒரு நியாயம் இருந்தது. அவர்களிடம் ஜஸ்டின் போகி என்ற இன்னோர் இளம் கோல்கீப்பர் இருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில் வான்கூவரில் முடிந்த உலக ஜூனியர் போட்டியில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். ஆறு ஆட்டங்களில் மூன்றில் எதிரணியை ஒரு கோல்கூடப் போடவிடவில்லை. ரஷ்யாவுக்கு எதிரான இறுதி ஆட்டமும் அந்த மூன்றில் ஒன்று. அதே போட்டியில் பின்லாந்துக்கு வெண்கலம்தான் கிடைத்தது. ஆனால் சிறந்த கோல்கீப்பர் விருதை நடுவர் குழு கொடுத்தது ராஸ்குக்கு. டொரன்டோ விருதைப் பார்க்கவில்லை, தங்கத்தைப் பார்த்தது.

போகி வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல்லில் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டம். ரேக்ராஃப்ட் இரண்டே பருவங்களில் பணம் கொடுத்து அனுப்பிவைக்கப்பட்டார். ராஸ்க் பாஸ்டனில் 308 வெற்றிகள் பெற்று அந்த அணியின் வரலாற்றுச் சாதனையைத் தன் பெயரில் எழுதினார். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 2014இல் வாங்கினார்.

நடந்து முடிந்ததை வைத்துச் சிரிப்பது சுலபம். அன்றைக்கே கண்ணெதிரே இருந்த எதை டொரன்டோ தவறவிட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வலுவான கனடா அணியின் பின்னால் நிற்பவருக்குத் தூரத்திலிருந்து வரும் எளிய ஷாட்டுகள் அதிகம். எதிரி தனியாகப் பாய்ந்து வரும் தருணங்கள் குறைவு. பின்லாந்தின் பின்னால் நின்றவருக்கு அந்தச் சொகுசு கிடையாது. வெற்றி, தோல்வி, கோல் விடாத ஆட்டங்கள் ஆகியவை முன்னால் ஆடும் ஐந்து பேரின் கதையையும் சேர்த்தே சொல்கின்றன. அவற்றை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதினால் போகி மகா கோல்கீப்பராகத்தான் தெரிவார்.

சரி, தடுப்பு விகிதத்தைப் பார்க்கலாமே என்பார்கள். ஆயிரம் ஷாட்டுக்கு எத்தனையைத் தடுத்தார் என்பதே அந்தக் கணக்கு. அந்தக் காலத்தில் 910 என்றால் பிழைத்துக்கொள்வார், 920 என்றால் நட்சத்திரம். இடைவெளி வெறும் பத்து கோல். ஆட்டத்துக்குச் சுமார் 30 ஷாட் என்று வைத்தால், ஆயிரம் ஷாட்டைச் சந்திக்க 33 ஆட்டம் ஆகும். ஏறக்குறைய பாதிப் பருவம். உண்மைத் திறன் 910 ஆக உள்ள ஒருவரை அந்தப் பாதிப் பருவத்தில் தற்செயல் மட்டுமே 901க்கும் 919க்கும் இடையே அலைக்கழிக்கும். இருபதில் ஒரு முறை 892க்குக் கீழேயோ 928க்கு மேலேயோ கொண்டுபோய்விடும். இது புள்ளியியலின் அரிச்சுவடி. உலக ஜூனியர் போட்டி போன்ற ஆறு ஆட்டத் தொடரில் கிடைக்கும் நூற்றுச் சொச்சம் ஷாட்டுகளில் இந்த ஊசலாட்டம் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். அதை நம்பி ஓர் இளைஞரின் எதிர்காலத்தை எழுதுவது ஜோசியம். ரேக்ராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: கால்டர் வென்ற பருவத்தில் 926, அடுத்து அவர் ஆடிய என்எச்எல் பருவத்தில் 879.

பின் எதைத்தான் பார்ப்பது? காலைப் பார்க்க வேண்டும். கோலின் அகலம் ஆறு அடி, உயரம் நான்கு அடி; மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பக் என்ற ரப்பர் வில்லையைக் கையால் துரத்தி யாரும் பிடித்துவிட முடியாது. ஷாட் கிளம்பும் முன்பே இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அசைவை நிறுத்தி, நிமிர்ந்து நிற்பவர்தான் நல்ல கோல்கீப்பர். நகர்ந்துகொண்டே தடுப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும்; ஆனால் அந்தப் பாய்ச்சல் பல நேரம் அவர் தாமதமாக வந்ததற்கான சாட்சி. தடுத்த பக் எங்கே போகிறது, முன்னால் நாலு பேர் மறைத்து நிற்கும்போது கண் அதைத் தேடுகிறதா, மட்டமான கோலை விட்ட பிறகு அடுத்த ஷாட்டுக்கு உடம்பு இறுகுகிறதா என்பவற்றுக்கும் புள்ளிவிவரப் பலகையில் இடமில்லை.

இந்தப் பார்வைக்குக் கிடைத்த மிகப் பெரிய சோதனை மான்ட்ரியாலில் நடந்தது. 2005இல் அந்த ஊர் அணி ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த கேரி பிரைஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்ளே அனஹிம் லேக் என்ற சிற்றூர்க்காரர். பயிற்சிக்காக அவரைத் தந்தை சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்திருக்கிறார். 2009-10 பருவத்தில் பிரைஸ் வென்றது 13 ஆட்டம். தடுப்பு விகிதம் 912. அதே அணியில், 2003இல் 271ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஸ்லோவாக்கியாவின் யாரோஸ்லாவ் ஹலாக் 26 வெற்றிகளும் 924உம் வைத்திருந்தார். பிளே-ஆஃப் சுற்றில், லீக்கின் முதலிடத்தில் இருந்த வாஷிங்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் ஹலாக் 53 ஷாட்டுகளைத் தடுத்தார். அடுத்து, நடப்புச் சாம்பியன் பிட்ஸ்பர்கும் வீழ்ந்தது. ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது.

அடுத்த மாதமே மான்ட்ரியால் ஹலாக்கை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டு 22 வயது பிரைஸை வைத்துக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் பயிற்சி ஆட்டத்திலேயே பிரைஸுக்குச் சொந்த அரங்கில் கேலிக் கூச்சல். அந்தப் பருவத்தில் அவர் 72 ஆட்டங்கள் நின்று 38 வென்றார். 2014-15இல் 44 வெற்றி, 933. லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை. இடையில் சோச்சி ஒலிம்பிக் தங்கமும் அத்தொடரின் சிறந்த கோல்கீப்பர் பட்டமும். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. ஹலாக்கும் மங்கிப்போகவில்லை, பத்தாண்டுக்கு மேல் என்எச்எல்லில் நின்றார். பிரைஸின் அமைதியைக் கண்ணால் கண்டவர்கள் எண்ணைவிடக் கண்ணை நம்பினார்கள் என்பதே அந்த முடிவின் துணிச்சல்.

ஆனால் பொறுமை என்ற பெயரில் எதையும் நியாயப்படுத்த முடியாது. 2000இல் நியூயார்க் ஐலண்டர்ஸ், ரிக் டிபியெட்ரோவை அந்த ஆண்டின் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு வழிவிட, 24 ஆட்டம் மட்டுமே ஆடியிருந்த ராபர்டோ லுவாங்கோவைப் புளோரிடாவுக்கு அனுப்பியது. 2006இல் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டு, 6.75 கோடி டாலர் ஒப்பந்தம். திறமை இருந்தது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. காயத்துக்கு மேல் காயம்; 318 ஆட்டங்களோடு எல்லாம் முடிந்தது. லுவாங்கோ 489 வெற்றிகளோடு புகழ் மண்டபத்துக்குப் போனார். அதே ஆண்டுத் தேர்வில் 205ஆவதாகப் போன ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டும் பின்னாளில் அங்கே சேர்ந்தார். அவசரமாக விலக்குவதும் அவசரமாக அள்ளிக் கொடுப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

பாஸ்டன் செய்ததைப் பாருங்கள். ராஸ்கை இரண்டு பருவம் கீழ்நிலை லீக்கில் ஆடவைத்தது. பிறகு டிம் தாமஸுக்குப் பின்னால் நிறுத்தியது. 2009-10இல் ராஸ்க் 931 என்ற விகிதத்தோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்த பின்பும், அடுத்த பருவம் தாமஸ் மீண்டெழுந்து ஸ்டான்லி கோப்பையை வென்றபோது ராஸ்க் பெஞ்சில்தான் இருந்தார். முழுப் பொறுப்பு கைக்கு வந்தபோது வயது 25.

இப்போது இந்த அளவுகோலுக்கு முன்னால் நிற்பவர்களில் ஒருவர், மினசோட்டா வைல்ட் அணியின் யெஸ்பர் வால்ஸ்டெட். 2021இல் 20ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஸ்வீடன்காரர். 2024 ஜனவரியில் தன் முதல் என்எச்எல் ஆட்டத்தில் டாலஸிடம் 7-2 என்று தோற்றார். 2024-25 பருவத்தைக் கீழ்நிலை லீக்கில் 879 என்ற விகிதத்தோடு முடித்தார். ரேக்ராஃப்டைக் கவிழ்த்த அதே எண். மினசோட்டா அவரைக் கைகழுவவில்லை. 2025 நவம்பரில் அவர் என்எச்எல்லில் அடுத்தடுத்து வென்றபோது, பருவத்தின் கண்டுபிடிப்பு என்று கொண்டாட்டம் கிளம்பியது. அந்த மாதத்தில் அவர் சந்தித்தவையும் சில நூறு ஷாட்டுகள்தான்.