'பாஹாம்' என்று தலையாட்டினால் போதுமா?

அரசாங்க கிளினிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'பாஹாம்?' என்ற கேள்வி கேட்கப்படுகிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். புரிந்ததா என்று மிஸி கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் நம் பாட்டியோ மாமாவோ 'பாஹாம், பாஹாம்' என்று தலையாட்டிவிட்டு மருந்துப் பையோடு வெளியே வந்துவிடுகிறார். என்ன புரிந்தது என்பது, வீட்டுக்கு வந்து மாத்திரைகளை மேசையில் கொட்டும்போதுதான் தெரிகிறது.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும், இனிப்பு நீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டி 'ரொட்டி சானாயைக் குறையுங்கள், தே தாரேயைக் குறையுங்கள்' என்று எல்லாரும் நமக்கு அறிவுரை சொல்கிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சுகாதாரத் தகவலைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் மூவரில் ஒருவருக்குக் குறைவாக இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது 'புவாசா' இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். நம் பெரியவர்களும் பசியாறாமல்தான் போகிறார்கள். ஆனால் போவதற்கு முன் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார்கள். தேத்தண்ணி அவர்கள் கணக்கில் பசியாறலில் சேராது. எண் ஏறிவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மருந்தும் ஏறலாம்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. 'மாத்திரை நிறைய சாப்பிட்டால் கிட்னி போய்விடும்' என்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நம்பப்படுகிறது. அந்த வீட்டுத் தாத்தா பத்து வருடம் மருந்து சாப்பிட்டார், இப்போது டயாலிசிஸ் செய்கிறார், ஆகவே மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பல வருடம் கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவுதான் காரணம். கிட்னியைக் காப்பாற்ற நினைத்து மருந்தை நிறுத்துபவர் அந்தக் கிட்னியையே இழக்கிறார். இதை அவருக்குப் புரியும்படி யாராவது உட்கார்ந்து சொன்னார்களா?

'இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலாய் தெரியாதா?' என்று சிலர் கேட்பார்கள். தெரியும். பாசார் மாலாமில் மீன் விலை பேசும் அளவுக்குத் தெரியும். சிறுநீரகத்தை மலாயில் 'புவா பிங்காங்' என்பார்கள். புவா என்றால் பழம், பிங்கான் என்றால் தட்டு என்று கூட்டிப் பார்த்து, பழம் சாப்பிடுவதை நிறுத்தியவர் எங்கள் தாமானிலேயே இருக்கிறார். சிரிப்பு வரும்தான். ஆனால் தவறு அவருடையதா?

தமிழில் கையேடு போட்டால் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 'கணையம்', 'குருதி' என்றெல்லாம் எழுதியிருந்தால், தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவருக்கு அது மலாயைப் போலவே இன்னொரு மொழிதான்.

ஆகவே நம்மைக் கூட்டிப் போகிறார்கள். படிவம் ஒன்றிலிருந்தே வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். நானும் பாட்டியோடு போயிருக்கிறேன். பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பாட்டியும் சிறுநீர் எரிகிறது என்று வாய் திறக்கமாட்டார். மருத்துவர் கேட்பதில் பாதியைக் கேட்கவே நமக்கும் கூச்சம். பிள்ளைகளை நம்பி நடத்தும் சிகிச்சை இது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாளும் கணக்கில் சேரும்.

செய்யக்கூடியது எளிமையானது. 'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க பாட்டி' என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், படிப்பறிவு குறைந்த நீரிழிவு நோயாளிகளிடம் மருத்துவர்கள் பேசுவதைப் பதிவு செய்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகச் சொல்லப்பட்ட 124 விஷயங்களில் 15 மட்டுமே நோயாளிக்குப் புரிந்ததா, நினைவிருக்கிறதா என்று சோதிக்கப்பட்டன. அப்படிச் சோதித்துப் பார்த்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு நன்றாக இருந்தது. அதற்காகச் செலவான நேரமும் கூடவில்லை.

நேரம் இல்லை என்பதுதான் வழக்கமாக வரும் பதில். காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும் கிளினிக்கில் மிஸிகள் படும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒருமுறை மருந்து கொடுக்குமிடத்தில் இருந்தவர் பாட்டியின் மாத்திரை உறைகளில் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். பத்து வினாடி வேலை. பாட்டி இன்று வரை அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்.

பழைய தோட்டங்களில் டிரஸ்ஸர் இருந்தார். அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவத்தை நான் புகழ வரவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவர் தமிழில் திட்டுவார், யார் மருந்தைக் கொட்டினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் காலியானபோது அந்தப் பேச்சும் போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பார்த்து மருந்து கொடுக்கிறார்கள், அந்த ஊர்ப் பேச்சிலேயே விளக்குகிறார்கள். இங்கும் கொஸ்பென் திட்டத்தில் சமூகத் தன்னார்வலர்கள் உண்டு. நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் அதில் தமிழ் பேசுபவர்கள் அதிகம் சேர வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் கலைவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். மருந்தாளரிடம் காட்டிச் சரிபார்த்த, இரண்டு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவுகள் போதும். எழுத்துத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசும் தமிழ்.

முதல் பதிவுக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன்: 'பாட்டி, நாளைக்கு ரத்தம் எடுக்கிறாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல வெறும் தண்ணி மட்டும்தான். தேத்தண்ணி கூடாது. மைலோவும் கூடாது. காலையில மருந்து சாப்பிடணுமான்னு கிளினிக்லயே கேட்டுக்குங்க. இப்ப நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்.'